பூஜ்யம் என்றால் டிராவா? செஸ் எஞ்சின் காட்டும் எண்ணை வாசிப்பது எப்படி

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம். அதுவே கடைசி ஆட்டமும்கூட. குகேஷும் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. பலகையில் இரு பக்கமும் ஒரு யானை, ஒரு பிஷப். கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். நேரலைத் திரையின் ஓரத்தில் இருந்த மதிப்பீட்டுப் பட்டை கிட்டத்தட்ட நடுவிலேயே நின்றது. எஞ்சினின் கணக்கில் ஆட்டம் சமம். பார்த்துக்கொண்டிருந்த பலரும் மனதளவில் மறுநாள் டை பிரேக்குக்குப் போய்விட்டார்கள். டிராதானே, எதற்கு இன்னும் ஆடுகிறார்கள் என்ற கேள்வி வீட்டுக்கு வீடு கேட்டது.

55வது நகர்த்தலில் டிங் தன் யானையைப் பின்னுக்கு இழுத்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்று நீட்டினார். குகேஷ் வெட்டினார். டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. உடனே குகேஷின் பிஷப் பலகையின் நடுவுக்கு வந்தது. டிங்கின் பிஷப் அதே மூலைவிட்டத்தின் கடைக்கோடியில், மூலைக் கட்டத்தில் நின்றது. அதற்கு ஒதுங்க இடமில்லை. பிஷப்புகளும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும். வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான்: கறுப்புக்கு இரண்டு, வெள்ளைக்கு ஒன்று. 58வது நகர்த்தலோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

அப்படியானால் பட்டை பொய் சொன்னதா? இல்லை. அந்த நிலை சமம்தான். டிங் யானையை அங்கே கொண்டுபோகாமல் பொறுமையாகக் காத்திருந்தால் டிரா ஆகியிருக்கும். குகேஷ் வீணாக இழுத்தடித்தாரா? அதுவும் இல்லை. டிங் தவறினால் தோல்வி. குகேஷ் கொஞ்சம் தடுமாறினாலும் மிஞ்சிப்போனால் டிரா. ஒரு பக்கம் மட்டுமே தோற்கக்கூடிய சமநிலை அது. இதைப் பூஜ்யம் என்ற ஒற்றை எண் எந்த வகையிலும் சொல்லாது.

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு தமிழ்நாட்டில் செஸ் பார்ப்பவர்களின் கூட்டம் பெருகியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆட்டத்தைப் பட்டையின் வழியாகத்தான் பின்தொடர்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. பட்டை வந்ததால்தான் விதிகள் மட்டுமே தெரிந்தவர்கள்கூட உலகத் தரத்து ஆட்டத்தை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எனக்குக் கவலை தருவது வேறு. பள்ளி அளவிலான போட்டிகள் நடக்கும் மண்டபங்களின் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். பிள்ளை வெளியே வந்ததும் அதன் கையிலிருக்கும் ஸ்கோர் ஷீட்டை வாங்கி, செல்போன் செயலியில் ஏற்றி, "இந்த இடத்துல ப்ளஸ் நாலு இருந்திருக்கே, எப்படி விட்டே?" என்று கேட்கும் பெற்றோரை வரிசையாகப் பார்க்கலாம். பிள்ளை அழும். அந்த ப்ளஸ் நாலு என்றால் என்னவென்று பிள்ளைக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

கிரிக்கெட் ஸ்கோர் ஏற்கெனவே அடித்த ரன்களின் கணக்கு. அது யாராலும் மாற்ற முடியாத உண்மை. செஸ் எஞ்சினின் எண் அப்படிப்பட்டதில்லை. அது ஒரு கணிப்பு. 'இந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் என்னைப் போலவே ஆடினால் எங்கே போய்ச் சேரும்?' என்ற கேள்விக்கு எஞ்சின் தருகிற பதில். நாம் கேட்பதோ, 'யார் ஜெயிப்பார்?' என்று. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிக்கொள்வதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

சிப்பாய்க் கணக்கு

கணினிக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு நிலையை எண்ணாக மாற்றும் சூத்திரம் அதிலேயே இருந்தது. ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. ராஜாவுக்கு 200, ஏனென்றால் ராஜா போனால் எல்லாம் போச்சு. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் மாட்டிக்கொண்ட சிப்பாய், துணையில்லாத சிப்பாய், பின்தங்கிய சிப்பாய் இவற்றுக்கு அரைச் சிப்பாய் கழிவு. காய்கள் போகக்கூடிய வழி ஒவ்வொன்றுக்கும் சிப்பாயில் பத்தில் ஒரு பங்கு வரவு. வெள்ளையின் கூட்டுத்தொகையிலிருந்து கறுப்பின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவதுதான் மதிப்பீடு. ப்ளஸ் என்றால் வெள்ளைக்கு மேல்கை, மைனஸ் என்றால் கறுப்புக்கு.

(இங்கேயே ஒரு எச்சரிக்கை. எஞ்சின்கள் தமக்குள் கணக்குப் போடும்போது, அடுத்து ஆட வேண்டியவரின் பக்கம் நின்றுதான் எண்ணைத் தருகின்றன. பெரும்பாலான செயலிகள் அதை வெள்ளையின் கணக்குக்கு மாற்றிக் காட்டும், சில மாற்றாது. புதிய மென்பொருளைத் திறந்ததும் முதலில் சரிபார்க்க வேண்டியது இது. கறுப்பு ஆடும் முறையில் எண்ணின் குறி திடீரென்று தலைகீழானால் காரணம் இதுதான்.)

பின்வந்த அரை நூற்றாண்டு எஞ்சின்கள் எல்லாம் ஷானனின் பட்டியலை நீட்டிக்கொண்டே போயின. 1997 மே மாதம் நியூயார்க்கில் கேரி காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்ற டீப் புளூ கணினி நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. அந்த ஒவ்வொரு நிலைக்கும் எண் போட்டது மனிதர்கள் வகுத்துக்கொடுத்த விதிகள்தான். 2008இல் தொடங்கி இன்று உலகின் முதல் வரிசையில் நிற்கும் ஸ்டாக்ஃபிஷும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. அதனிடம் கேட்டால் எண்ணைப் பிரித்துக் காட்டும்: ராஜாவின் பாதுகாப்புக்கு இவ்வளவு, சிப்பாய் அமைப்புக்கு இவ்வளவு, காய்களின் நடமாட்டத்துக்கு இவ்வளவு.

2017 டிசம்பரில் அது மாறத் தொடங்கியது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாசீரோ, செஸ் விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு தனக்குத் தானே ஆடிக் கற்று, ஸ்டாக்ஃபிஷின் அன்றைய பதிப்போடு 100 ஆட்டம் ஆடியது. 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. அடுத்த ஆண்டு ஜப்பானில் ஷோகி விளையாட்டுக்காக யூ நாசு என்பவர் சாதாரணக் கணினியிலேயே வேகமாக ஓடக்கூடிய ஒரு சிறிய நரம்பு வலையமைப்பை உருவாக்கினார். 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. 2023இல் மனிதர்கள் கையால் எழுதிய மதிப்பீட்டுப் பகுதியையே முழுவதுமாக நீக்கிவிட்டார்கள்.

எஞ்சினின் பலம் எகிறியது. கூடவே ஒன்று கைநழுவியது. இன்று ப்ளஸ் 0.8 என்று காட்டும் எஞ்சினிடம் 'எதனால்?' என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. ராஜாவுக்கு இவ்வளவு, சிப்பாய்க்கு இவ்வளவு என்ற பிரிவே உள்ளே கிடையாது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது உண்மையான இழப்பு என்றே நினைக்கிறேன். எண் முன்பைவிடச் சரியாக இருக்கிறது. காரணத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ப்ளஸ் ஒன்று யாருக்கு?

எண்கள் சிப்பாய்க் கணக்கிலேயே தொடர்ந்தாலும் அவற்றுக்கும் சிப்பாய்க்குமான உறவு ஏறக்குறைய அறுந்துவிட்டது. நரம்பு வலையமைப்பு வந்த பிறகு எண்கள் ஊதிப்போய், சாதாரண அனுகூலத்துக்கே பெரிய எண் வரத் தொடங்கியது. எனவே 2022 டிசம்பரில் வெளியான 15.1 பதிப்பில் ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் அளவுகோலையே புதிதாக வகுத்தார்கள். ப்ளஸ் 1.00 என்றால், ஸ்டாக்ஃபிஷ் தன்னைப் போன்ற இன்னொரு ஸ்டாக்ஃபிஷோடு அந்த நிலையிலிருந்து ஆடினால் நூற்றுக்கு ஐம்பது முறை ஜெயிக்கும். மீதி ஏறக்குறைய எல்லாம் டிரா. தோல்வி மிக அரிது.

இதை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். ப்ளஸ் 1.00 என்பது வெற்றிக்கும் டிராவுக்கும் சரிபாதியில் நிற்கும் இடம். 0.3, 0.4 என்று வந்தால் எஞ்சின்களுக்கு இடையே அது பெரும்பாலும் டிரா. 2.00ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட முடிந்த கதை. இதெல்லாம் எஞ்சின்களுக்கு.

மனிதர்களுக்கு? லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் எஞ்சின் எண்ணை வெற்றி வாய்ப்பாக மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் உண்மையில் ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்தது. அதில் பூஜ்யத்துக்கு 50 சதவீதம். ப்ளஸ் 1.00க்கு ஏறக்குறைய 59 சதவீதம்தான். ப்ளஸ் 3.00, அதாவது ஒரு குதிரையளவு அனுகூலம், அதற்கே 75 சதவீதம். எஞ்சின் கையில் எப்போதோ முடிந்திருக்கும் ஆட்டத்தில், மனிதர்கள் கையில் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இன்னும் எதிராளியிடமே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் விரியும். மண்டப வாசலில் 'ப்ளஸ் நாலு' என்று கேட்கப்படும் அந்தக் கேள்வி, ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு ஆடும்போது என்ன நடக்கும் என்பதை வைத்து ஒரு குழந்தையைக் கேட்கும் கேள்வி.

மறுமுனையில் இதே பிழை இன்னொரு வடிவத்தில் வருகிறது. ப்ளஸ் 12இல் இருக்கும் ஒருவர் ராணிகளை வெட்டிவிட்டு, எளிதான எண்ட் கேமுக்குப் போகிறார். எண் 6 ஆகக் குறைகிறது. செயலி அதைக் குறையாகக் காட்டலாம். ஆனால் இரண்டுமே வெற்றிதான். சிக்கலில்லாத பாதையைத் தேர்ந்தெடுத்தது நல்ல ஆட்டக்காரருக்கு அடையாளம். எண் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு சிப்பாயளவு வித்தியாசத்துக்கும் அர்த்தம் குறைந்துகொண்டே போகும். 0.2க்கும் 1.2க்கும் நடுவே ஓர் உலகம் இருக்கிறது. 7க்கும் 8க்கும் நடுவே ஒன்றும் இல்லை.

எண் எந்த நிலைக்கு?

நேரலை பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியாத, ஆனால் தெரிந்துகொண்டால் எல்லாம் விளங்கிவிடும் விஷயம் ஒன்று உண்டு. திரையில் தெரியும் எண் இப்போது பலகையில் இருக்கும் நிலைக்கு நேரடியாகப் போட்டது கிடையாது. எஞ்சின் முன்னோக்கிப் பார்க்கிறது: நான் இப்படி, அவர் அப்படி, நான் இப்படி என்று. அந்தப் பாதை முடியும் இடத்தில் இருக்கிற நிலைக்குப் போட்ட எண்தான் மேலே ஏறி வந்து இங்கே நிற்கிறது. எஞ்சினின் பெட்டியில் 'டெப்த் 30' என்று போட்டிருந்தால், இரு பக்கமும் சேர்த்து 30 நகர்த்தல் தள்ளி, சில வழிகளில் அதற்கும் அப்பால், சில வழிகளில் அதற்கும் குறைவாக அது பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் எண்ணை வாசிப்பதற்கு முன் அந்தப் பாதையை வாசிக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்திலேயே நகர்த்தல்களின் வரிசை ஓடும். அதை ஒவ்வொன்றாகத் தட்டிக் கடைசி நிலைக்குப் போங்கள். ஓ, இங்கே கறுப்பின் ராஜா நடுவிலேயே மாட்டிக்கொள்கிறதா, இந்தச் சிப்பாய் இங்கே பலவீனமாகிறதா என்று பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். சொல்லாமல் விட்ட காரணம் அங்கே இருக்கும். அந்தப் பாதையில் எட்டாவது நகர்த்தலாக ஒரு மனிதர் நினைத்தே பார்க்க முடியாத காய்த் தியாகம் இருக்கிறதா என்பதையும் அங்கேதான் பார்க்க முடியும். அப்படி இருந்தால் அந்த எண்ணுக்கும் பலகைமுன் உட்கார்ந்திருப்பவருக்கும் சம்பந்தம் குறைவு.

பார்வைக்கு ஓர் எல்லை இருப்பதால் வரும் கோளாறும் உண்டு. ஒரு காயை இழப்பது உறுதி என்ற நிலையில், எஞ்சின் இடையிடையே தேவையில்லாத செக்குகளைச் சொருகி இழப்பைத் தன் பார்வை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு, காய் தப்பிவிட்டதாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும். இதை 'தொடுவான விளைவு' என்று பெயரிட்டு விளக்கியவர் ஹான்ஸ் பெர்லினர். அவர் அஞ்சல்வழி செஸ்ஸில் உலக சாம்பியனும்கூட. இன்றைய எஞ்சின்களில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் செல்போனில் இரண்டு நொடி ஓடிய எண்ணையும் நல்ல கணினியில் ஐந்து நிமிடம் ஓடிய எண்ணையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. எண் இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். ஆழம் கூடக்கூட மெல்ல ஏறிக்கொண்டே போகும் எண், ஒரே இடத்தில் நிற்கும் பெரிய எண்ணைவிட அதிகம் சொல்லும்.

எத்தனை வகைப் பூஜ்யம்

மதிப்பீடுகளிலேயே மிகவும் தவறாக வாசிக்கப்படுவது 0.00. பார்த்ததும் 'டிரா' என்று முடிவுகட்டி அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறோம்.

எதிரெதிர் நிற பிஷப்புகளோடு, ஒன்றும் செய்ய வழியில்லாமல் அடைபட்ட எண்ட் கேமுக்கும் 0.00 வரும். அங்கே கைகுலுக்கிவிட்டு எழுந்துபோகலாம். ஒருவர் யானையைத் தியாகம் செய்து எதிராளியின் ராஜாவைத் துரத்த, இவருக்கு இருக்கும் ஒரே வழி தொடர்ந்து செக் கொடுப்பது, அவருக்கு இருக்கும் ஒரே வழி அந்த இரண்டு கட்டங்களுக்குள்ளேயே மாறி மாறி ஓடுவது என்று இருந்தாலும் 0.00தான் வரும். அங்கே யாராவது ஒருவர் ஒரே ஒரு கட்டம் தவறினால் உடனே செக்மேட். பிறகு குகேஷ் – டிங் ஆட்டத்தில் பார்த்த வகை: ஒரு பக்கம் வலியில்லாமல் அழுத்திக்கொண்டே இருக்க, மறுபக்கம் ஒவ்வொரு நகர்த்தலிலும் விழிப்போடு இருந்தாக வேண்டிய சமம்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது; எஞ்சினே அதைத் தருகிறது. ஒரே ஒரு நகர்த்தலைக் காட்டாமல் சிறந்த மூன்று நகர்த்தல்களைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான செயலிகளில் அந்த வசதி உண்டு. முதல் மூன்றுக்கும் 0.00, 0.00, மைனஸ் 0.1 என்று வந்தால் அது தூங்கும் சமநிலை. எதை ஆடினாலும் பரவாயில்லை. முதலாவதுக்கு 0.00, இரண்டாவதுக்கு மைனஸ் 4 என்று வந்தால் அவர் கத்திமுனையில் நிற்கிறார். அந்த ஒரே நகர்த்தல் என்ன என்று பாருங்கள். எதிராளியின் காயைத் திருப்பி வெட்டுவது போன்ற சாதாரண நகர்த்தலா? அப்படியானால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். கட்டிக்காத்த ராஜாவை நடுப்பலகைக்கு ஓட்டும் நகர்த்தலா? அப்படியானால் கடிகாரத்தைப் பாருங்கள். இருபது நிமிடம் இருந்தால் ஒரு கதை, இருபது நொடி இருந்தால் வேறு கதை.

உலகத் தரத்து ஆட்டக்காரர்களின் தயாரிப்பே இன்று இந்த இடைவெளியை வைத்துத்தான் நடக்கிறது. எஞ்சினின் முதல் தேர்வை எதிராளியும் வீட்டில் படித்திருப்பார். அதனால் எண் கொஞ்சம் குறைந்தாலும், எதிராளி பலகையின் முன் ஒரே ஒரு நகர்த்தலைத் தொடர்ந்து கண்டுபிடித்தாக வேண்டிய பாதையைத் தேடி எடுக்கிறார்கள். எண்ணில் 0.3 இழப்பு, எதிராளியின் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் லாபம்.

சோச்சியில் ஒரு நிமிடம்

எண் சொல்வதற்கும் மனிதக் கண்ணில் படுவதற்கும் நடுவே உள்ள தூரத்தை 2014 நவம்பர் 15ஆம் தேதியைப்போலக் காட்டிய நாள் வேறில்லை. ரஷ்யாவின் சோச்சி நகரில் விஸ்வநாதன் ஆனந்தும் மேக்னஸ் கார்ல்சனும் உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை இரண்டரைக்கு இரண்டரை. இந்த ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு ஆடிய கார்ல்சன் வசதியாக முன்னணியில் இருந்தார்.

26வது நகர்த்தலில் கார்ல்சன் தன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். பார்வையாளர்களின் திரையில் எண் வெள்ளையிலிருந்து கறுப்புக்குத் தாவியது. ஆனந்தின் குதிரை நடுவில் இருந்த வெள்ளைச் சிப்பாயை வெட்ட முடியும். வெள்ளை யானை கறுப்பு யானையை வெட்டட்டும். அதற்குள் குதிரை இன்னொரு சிப்பாயையும் வெட்டி ராஜாவுக்கு செக் வைக்கும். ராஜா குதிரையைத் தாக்க வந்தால் குதிரை இன்னொரு செக்கோடு நழுவும். கடைசியில் கறுப்பு யானையையும் திருப்பி வெட்டிக்கொள்ளும். நிகரமாக இரண்டு சிப்பாய் லாபம். வரிசை நான்கே நகர்த்தல். சென்னையில் நல்ல பயிற்சி பெறும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் 'கறுப்பு ஆடி ஜெயிக்க வேண்டும்' என்று புதிராகக் கொடுத்தால் தீர்த்துவிடும்.

ஆனந்த் ஏறக்குறைய ஒரு நிமிடம் யோசித்து, ராணிப் பக்கத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளினார். வாய்ப்பு போயிற்று. 38வது நகர்த்தலில் ஆட்டமும் போயிற்று. ஐந்து முறை உலக சாம்பியனானவர் பார்க்காததை வீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த லட்சம் பேர் பார்த்தார்கள். அன்று இணையத்தில் எழுந்த கேலியை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது.

பார்வையாளர்களுக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு நகர்த்தல்களைவிடப் பெரிய தகவல் ஒன்றை எண் அவர்களுக்குக் கொடுத்தது: 'இங்கே ஏதோ இருக்கிறது.' புதிரின் பாதித் தீர்வு அதுதான். பலகையின் முன் உட்கார்ந்தவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. எதிரே உலக சாம்பியன்; நிலையோ நெடுநேரம் தற்காத்துக் காப்பாற்ற வேண்டியது. அந்த மனநிலையில் எதிராளி தட்டில் வைத்து நீட்டுவார் என்று யார் எதிர்பார்ப்பார்? எதிர்பார்க்காத பரிசைச் சில நேரம் எடுக்காமலே விட்டுவிடுகிறோம் என்ற பொருளில் ஆனந்தும் அன்று சொன்னார். எண் தாவிய தருணத்தில் ஆட்டக்காரரைக் கண்மூடித்தனமாகக் குறைசொல்வதற்கு முன், எண்ணை மறைத்துக்கொண்டு அந்த நிலையை நாமே பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்போமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் ஏமாறும் இடம்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை எஞ்சின் சரியாகச் சொல்லியும் நாம் தவறாக வாசிக்கும் இடங்கள். எஞ்சினே தடுக்கி விழும் இடமும் உண்டு: கோட்டை. எதிராளியிடம் எவ்வளவு படை இருந்தாலும் உள்ளே நுழைய வழியே இல்லாத அமைப்புக்குச் செஸ்ஸில் அந்தப் பெயர்.

2017 மார்ச்சில் பென்ரோஸ் ஆய்வு நிறுவனம் ஒரு புதிரை வெளியிட்டது. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரில் அமைந்த நிறுவனம் அது. கறுப்பிடம் ராணி, இரண்டு யானை, மூன்று பிஷப். வெள்ளையிடம் ராஜாவும் சில சிப்பாய்களும் மட்டும். எஞ்சின்கள் கறுப்புக்குப் பிரம்மாண்டமான வெற்றி என்று எண் போட்டன. கொஞ்ச நேரம் பார்த்தால் மனிதக் கண்ணுக்கு விஷயம் புரிந்துவிடும். கறுப்பின் ராணியும் யானைகளும் சிப்பாய்ச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. மூன்று பிஷப்புகளும் கறுப்புக் கட்டங்களிலேயே ஓடுபவை. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தால் போதும். ஒருவராலும் அதைத் தொட முடியாது. காய்களை எண்ணினால் வெற்றி, நடக்கப்போவது டிரா.

இதன் சிறிய உருவத்தை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். ராஜாவோடு ஒரு பிஷப்பும் ஓரத்துச் சிப்பாயும் இருக்கும். அந்தச் சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டத்தின் நிறத்தில் பிஷப் ஓடாது. தற்காப்பவரின் ராஜா அந்த மூலைக்குள் போய்விட்டால் உலகத்தில் யாராலும் ஜெயிக்க முடியாது. ஷானனின் கணக்கில் ப்ளஸ் 4. உண்மையில் டிரா.

பலகையில் ராஜாக்கள் உட்பட ஏழு காய் வரை இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. அந்த எல்லா நிலைகளுக்கும் முடிவு என்ன என்று கணினிகள் முழுமையாகக் கணக்கிட்டு வைத்துவிட்டன. சிசிஜி என்ற ஏழு காய்ப் பட்டியல் 2018இல் நிறைவடைந்தது. அதன் அளவு 18 டெராபைட்டுக்கும் மேல். அங்கே கணிப்புக்கு இடமில்லை: வெற்றி, தோல்வி, டிரா மூன்றே பதில். ஏழைத் தாண்டினால் திரையில் தெரிவதெல்லாம் கணிப்புதான். எண் மிகப் பெரிதாக இருந்தும் ஐம்பது நகர்த்தலாக ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றால், அங்கே கோட்டை இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். வெற்றிப் பாதையில் இருக்கும் எண் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் எண் மறைந்து, இத்தனை நகர்த்தலில் செக்மேட் என்று எழுதிவிடும்.

வீட்டிலும் திரையிலும்

பிள்ளையின் ஆட்டத்தை அலசும்போது எஞ்சினைக் கடைசியில் திறப்பதே நல்ல பயிற்சியாளர்களின் பழக்கம். ஆடியவரே ஸ்கோர் ஷீட்டில் மூன்று இடங்களில் தன் சொந்த மதிப்பீட்டை எழுதட்டும்: 'எனக்கு நல்லா இருக்கு, என் குதிரை உறுதியான கட்டத்தில் நிற்குது' என்ற அளவுக்குப் போதும். பிறகு எஞ்சினைத் திறந்து அந்த மூன்று இடங்களை மட்டும் ஒப்பிடலாம். தான் ஜெயிப்பதாகப் பிள்ளை நினைத்த இடத்தில் எண் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால், அங்கே பாதையின் கடைசிவரை போய்க் காரணத்தைத் தேட வேண்டும். எஞ்சின் சொன்ன நகர்த்தலை ஆடாமல், பிள்ளை ஆட நினைத்த நகர்த்தலையே பலகையில் வைத்து, அதை எஞ்சின் எப்படி முறியடிக்கிறது என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும். அரைச் சிப்பாய்க்குக் குறைவான ஏற்ற இறக்கங்களைத் தொடக்க நிலை ஆட்டக்காரரிடம் பேசவே தேவையில்லை. காயை இலவசமாக விட்ட இடங்கள், ஒரே நகர்த்தலில் செக்மேட் இருந்தும் தவறிய இடங்கள்: முதலில் அவை போதும்.

நேரலை நடத்துபவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. லீலா போன்ற நரம்பு வலையமைப்பு எஞ்சின்கள் ஒற்றை எண்ணோடு நிற்காமல், வெற்றி இவ்வளவு, டிரா இவ்வளவு, தோல்வி இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்தே தருகின்றன. ஸ்டாக்ஃபிஷிடமும் அந்த வசதி இருக்கிறது. அமைதியான சமநிலையில் டிராவின் பங்கு 95க்கு மேல் நிற்கும்; கொந்தளிப்பான சமநிலையில் வெற்றியும் தோல்வியும் வீங்கிக்கொண்டு வரும். பட்டை இரண்டையும் ஒரே மாதிரி நடுவில் நிறுத்துகிறது. அந்த மூன்று எண்களையும், இரண்டாவது சிறந்த நகர்த்தலின் எண்ணையும், இரண்டு கடிகாரங்களையும் பட்டைக்கு இணையான அளவில் திரையில் போட்டால் பார்வையாளருக்கு ஆட்டமே தெரியும். தமிழில் வர்ணனை செய்பவர்கள் இதற்காகப் புதிய மென்பொருளைத் தேடிக் காத்திருக்க வேண்டாம். எஞ்சினில் மூன்று வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எண் தாவும்போதெல்லாம் அதைச் சொல்வதற்கு முன் அரை நிமிடம் பட்டையை மறைத்துவிட்டு, 'கறுப்பு இங்கே என்ன ஆடலாம்?' என்று பார்வையாளர்களிடம் கேட்டாலே போதும். அடுத்த பெரிய போட்டியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.